பத்துப் பதினேழுக்கு ஒரு லவ் கேக்

பத்தாவது முட்டையையும் உடைத்து ஊற்றிய பிறகுதான், இந்தக் கேக் யாருக்கு என்ற கேள்வி மவுறீனுக்கு வந்தது.

யாரும் கேக் ஓடர் தரவில்லை. தெரிந்த வீடுகளில் பிறந்தநாள், கலியாணம், ஞானஸ்நானம் ஒன்றும் கிடையாது. ஃபிரிட்ஜுக்குள் ஏற்கெனவே இரண்டு லவ் கேக். சாப்பாட்டு மேசையில் வலைமூடிக்குக் கீழே இன்னொன்று. ஆனால் சுவர் மணிக்கூடு பத்தேகாலைத் தாண்டிவிட்டது. யோசிக்க நேரமில்லை.

குசினி யன்னலால் எட்டிப் பார்த்தார். பின்வளவில் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் கணவர் வேர்னன் நின்றுகொண்டிருந்தார். கையில் அவரே செய்த அன்ரனா. பிளாஸ்டிக் குழாயொன்றில் இரும்பு அளவு நாடாவைத் துண்டு துண்டாக வெட்டிக் குறுக்கே பூட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால், தின்று முடித்த பாரை மீனின் முள்ளு. முள்ளிலிருந்து ஒரு வயர் லப்டொப்புக்குப் போனது. லப்டொப் கதிரையில் இருந்தது. அதற்கு வெயில் படாமலிருக்க, மவுறீன் பூசைக்குக் கொண்டுபோகும் பூக்குடை.

வேர்னன் மீன்முள்ளைத் தெற்கே, வாவிப் பக்கத்து வானத்துக்கு நேராக நீட்டினார்.

பத்துப் பதினேழு.

மவுறீன் முட்டை அடிக்கும் பீற்றரைப் போட்டார். முட்டை நுரைக்கத் தொடங்கியது. அதே நொடியில் பின்வளவில், தகரத்தில் மணல் கொட்டுவது போல லப்டொப் இரைந்தது.

“ஓடரா மேன்?” என்று வேர்னனின் குரல் வந்தது.

“ஓம் மேன். அவசர ஓடர்.” பறங்கிக் குடும்பங்களில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ‘மேன்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஆ. அப்ப நீ செய். ஓடர் எண்டா ஓடர்தானே.”

அவ்வளவுதான். கோபம் இல்லை, முணுமுணுப்பு இல்லை. குடைக்குக் கீழே குனிந்து, கொப்பியில் ‘10.17 - இரைச்சல்’ என்று எழுதிக்கொண்டார். ஒருநாள் என்றாலும் மனுசன் வந்து கத்தியிருந்தால் மவுறீனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். நாலு மாதமாக ஒரு நல்ல மனிதரை ஏமாற்றுவது லேசான வேலையா?

வேர்னன் முப்பத்திரண்டு வருடம் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கியவர். ஓய்வு பெற்ற அடுத்த வருடமே நெஞ்சு வலி வந்தது. இரத்தக் குழாய்க்குள் சிறிய கம்பிச் சுருள் ஒன்றை வைத்து, “இனி ஏணிப் பக்கமே போகக் கூடாது” என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். ஏற முடியாமல் போன மனிதர் அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்.

அப்படிப் பார்த்துப் பிடித்ததுதான் அந்தப் பழைய செய்மதி. எழுபத்து நான்காம் ஆண்டு, வானொலிப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து செய்து மேலே அனுப்பியது. சில வருடம் உழைத்து, பட்டரி செத்து, இருபது வருடம் ஊமையாகப் பூமியைச் சுற்றியது. போனது போனதுதான் என்று எல்லோரும் மறந்த பிறகு, ஒருநாள் தானாகப் பேசத் தொடங்கியதாம். இன்றைக்கும் அதற்குப் பட்டரி இல்லை. வெயில் பட்டால் முழிப்பு. பூமியின் நிழலுக்குள் போனால் தூக்கம்.

“பாத்தியா மேன்,” என்பார் வேர்னன். “அதுக்கும் பட்டரி போயிற்று, எனக்கும் போயிற்று. எண்டாலும் வெயில் பட்ட உடன எழும்பி நாலு குத்து, ரெண்டு குத்து அடிக்குது. தந்தி மொழியில ‘ஹாய்’ எண்டு அர்த்தம்.”

“ஆருக்கு ஹாய்?”

“ஆரு கேக்கிறாங்களோ அவங்களுக்கு.”

இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கியது.

அன்று காலை மவுறீன், மீன்காரர் கச்சி முகம்மதுவின் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று கிழமைக்கு முன்னால், நோன்புப் பெருநாளுக்கு அவர் வட்டிலப்பம் கொண்டுவந்து கொடுத்த சட்டி. வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதல்லவா? ஈஸ்டர் கேக் வரும்வரைக்கும் அது அலுமாரியில் காத்திருந்தது. பிராந்தி சேர்க்காமல் அவருக்கென்று தனியாகப் போட்ட கேக்கைச் சட்டியில் அடுக்கும்போதுதான் மெல்பேர்னிலிருந்து மகள் பியோனா ஃபோன் எடுத்தாள்.

“மம்மி, டடாவ இனியும் அங்க வெச்சிற்று எனக்கு நித்திர வருகுதில்ல. ரெண்டு பேரும் இஞ்சயே வந்திருங்க. வீட்ட ஆருக்கும் குடுத்திற்று வாங்க.”

வேர்னன் மறுப்பார் என்று மவுறீன் காத்திருந்தார். அவர் தலையைச் சொறிந்தார்.

“வாறதுக்கென்ன மகள். அந்தச் செய்மதிட சத்தத்த மட்டும் ஒருக்கா என்ட காதால கேட்டிற்று வாறன். கேட்ட அடுத்த நாளே நீ டிக்கெட்டப் போடு.”

மவுறீனின் கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஃபோன் திரையில் பேரன் ஜேமி முகத்தைக் காட்டி நாக்கை நீட்டினான். கண்ணீர் கொட்டியே விட்டது.

வேர்னன் முதுகைத் தடவினார். “அழாத மேன். பேரனப் பாக்கத்தானே போறம்.”

மனுசன் மனத்தால் பெட்டி கட்டிவிட்டார் என்று மவுறீன் அப்போதே முடிவு கட்டினார்.

மவுறீன் ஒருமுறை மெல்பேர்னுக்குப் போய் இரண்டு மாதம் இருந்தவர்தான். நல்ல ஊர். ஆனால் குசினியில் மீன் பொரித்தால் கூரையிலிருக்கும் கருவி ஒன்று கூக்குரல் போடும். பக்கத்து வீட்டில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறிய இரண்டு மாதம் போதவில்லை. யாருக்குக் கேக் அடிப்பது? யாரோடு வேலிக்கு மேலால் சண்டை பிடிப்பது? ஆனால் இதையெல்லாம் மகளிடம் எப்படிச் சொல்வது? அப்பாவின் நெஞ்சை நினைத்து நித்திரையில்லாமல் இருக்கிற பிள்ளையிடம், எனக்கு என் குசினிதான் பெரிது என்றா? ஒரேயொரு செய்மதியைக் கேட்டுவிட்டு மகளிடம் போக ஆசைப்படுகிற மனிதரிடம்தான் எப்படிச் சொல்வது?

சொல்லத் தேவையில்லாத வழியொன்று அடுத்த கிழமையே தானாகக் கிடைத்தது. மவுறீன் ஒரு ஓடருக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தார். பின்வளவிலிருந்து வேர்னன் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“என்ன மெசின் மேன் அது? நீ இஞ்ச முட்டைய அடிக்க, அங்க வானமே கிழியுது. ஒண்டும் கேக்குதில்ல.”

மவுறீன் பீற்றரைப் பார்த்தார். பீற்றர் மவுறீனைப் பார்த்தது.

அன்று தொடங்கியதுதான். இந்தப் பாவத்தை வேர்னனே இன்னும் இலகுவாக்கினார். செய்மதி வரும் நேரங்களை ஒவ்வொரு திங்களும் பெரிய எழுத்தில் எழுதி, குசினிச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார். “கண்ணில படுற இடத்தில இருந்தாத்தான் மறக்காது” என்றார். மறக்கவே இல்லை. மவுறீன் ஒரு நேரத்தையும் மறக்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தார்.

“ஃபாதர், நான் வீட்டில சத்தம் போட்டு என்ட மனுசனுக்குத் துரோகம் செய்யிறன்.”

“சண்டையா பிள்ள?”

“இல்ல ஃபாதர். கேக்.”

உள்ளே ஃபாதர் ஒருமுறை இருமினார். பிறகு மூன்று மரியே வாழ்க சொல்லச் சொன்னார். வரும் ஞாயிறு இளைஞர் கூட்டம் இருப்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கேக் அப்படிப் போயிற்று.

மற்றக் கேக்குகள்தான் சிக்கல். ஓடர் இல்லையென்பதால் மவுறீன் அவற்றில் பிராந்தியைச் சேர்த்து வீணாக்கவில்லை. ஒவ்வொன்றிலும் பாதி எப்படியோ மறைந்தது. வேர்னனுக்குச் சீனி வருத்தமும் இருந்ததால் மவுறீன் விசாரணை வைத்தார்.

“பாதிக் கேக்க நீங்களா திண்டீங்க?”

வேர்னன் நிலத்தைப் பார்த்தார். “ஓம் மேன். நான்தான்.”

“ஒரு நாளில பாதியா?”

“நல்லா இருந்திச்சி.”

மற்றப் பாதியை மவுறீன் அடுத்த வீட்டுச் சீதேவிப்பிள்ளைக்குக் கொடுத்தார். முதல் கிழமை அவள் சந்தோசமாக வாங்கினாள். இரண்டாம் கிழமை, “என்னகா விசேசம்?” என்றாள். ஓடர் நின்றுவிட்டது என்று மவுறீன் சமாளித்தார். மூன்றாம் கிழமை சீதேவிப்பிள்ளை கேக்கை வாங்கிக்கொண்டே மவுறீனின் கையைப் பிடித்தாள். அவளுக்குக் குரல் தழுதழுத்தது.

“எனக்கு விளங்கிற்றுக்கா. வாயால சொல்லாம ஒவ்வொரு வீடா இனிப்புக் குடுத்து விடைபெறுறாய். எப்ப பிளேன்?”

“ஐயோ, அப்பிடி ஒண்டும்...”

“மறைக்காத. அந்தக் கண்ணாடி அலுமாரிய மட்டும் வேற ஆருக்கும் குடுத்திராத.”

அன்று பின்னேரமே வந்து அலுமாரிக் கைபிடியில் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் போனாள். அடுத்த நாள் தையல் மெசினுக்கும் ஒரு நூல். அவளுடைய புருசன் வினாயகமூர்த்தி வேலிக்கு மேலால் எட்டி, “வீட்டுக்கும் ஒரு ஆள் பாத்திரிக்கன், தங்கமான மனிசன்” என்றார். மாதா கோயிலில் பாட்டுக் குழுவினர் மவுறீனுக்குப் பிரியாவிடை தேநீர் கொடுக்கத் திகதி கேட்டார்கள். போகாமலிருப்பதற்காகச் செய்த கேக் எல்லாம் சேர்ந்து, மவுறீனை ஊர் முழுக்க வழியனுப்பிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் புதன்கிழமை கரண்ட் போனது.

போன நேரம் ஒன்பது ஐம்பத்தெட்டு. சுவரில் எழுதியிருந்த நேரம் பத்து மணி. பீற்றர் இரண்டு முறை முனகி நின்றது. லப்டொப்புக்குப் பட்டரி உண்டு. அது பாட்டுக்கு வேலை செய்யும். ஊர் முழுக்கக் கரண்ட் நின்றதால் வானத்தில் ஒரு தூசி இரைச்சலும் இருக்காது. இன்றைக்கு அந்த மனுசன் கேட்டே விடுவார்.

அப்போதுதான், பழைய மோட்டார் சைக்கிள்களின் ‘பிளக்’ அடிக்கிற பொறியும் தன் பிழைப்பைக் கெடுப்பதாக வேர்னன் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது.

வேர்னனின் மோட்டார் சைக்கிள், டொக்டர் தடுத்த நாளிலிருந்து தாழ்வாரத்தில் சாக்கால் மூடிக் கிடந்தது. மவுறீன் சாக்கை இழுத்தெறிந்தார். கவுனைத் தூக்கிச் செருகினார். அறுபது வயது, கையெல்லாம் முட்டை. நாலாவது உதைக்கு அது இருமியது. ஐந்தாவது உதைக்குக் கிளம்பியது.

நின்ற நிலையில் முறுக்கினால் சத்தம் மட்டும் வரும் என்று மவுறீன் நினைத்திருந்தார். ஆனால் அது கியரில் கிடந்தது. ஸ்ராண்டிலிருந்து குதித்து, முருங்கை மரத்தைத் தாண்டி, லப்டொப்புக்கு ஒரு முழம் தள்ளிப் பாய்ந்து, மவுறீனையும் ஏற்றிக்கொண்டு சீதேவிப்பிள்ளையின் வேலிக்குள் போய் நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் சீதேவிப்பிள்ளை கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள்.

“விக்க முதல் ஓட்டிப் பாக்கிறாய் போல,” என்றாள். “அதுக்கும் ஒரு நூலக் கட்டவா?”

வேர்னன் மூச்சு வாங்க ஓடிவந்தார். அன்ரனாவை எங்கேயோ போட்டுவிட்டிருந்தார்.

“அடிபட்டிச்சா மேன்? கையக் காட்டு. மற்றக் கையையும் காட்டு. என்னத்துக்கு நீ இதில ஏறின?”

“கனநாள் ஓட்டாமக் கிடக்கு. பட்டரி செத்திரும் எண்டு...” என்று மவுறீன் சொல்லி, நாக்கைக் கடித்தார். “நீங்க கேட்டீங்களா? அந்தச் சத்தம்?”

“எங்க கேக்கிற. வயர் கழண்டிற்று.”

கழன்ற வயரின் முனை அவருடைய சட்டைப் பைக்குள் பத்திரமாக இருந்தது. மனுசனுக்கு வயது போகிறது, எதை எங்கே வைக்கிறோம் என்றே தெரியவில்லை என்று மவுறீனுக்குப் பாவமாகப் போயிற்று.

“இனி நான் உனக்குக் கிட்டயே நிக்கிறன்,” என்றார் வேர்னன். “தனிய விட்டா நீ பிளேனையும் ஸ்ராட் பண்ணுவாய்.”

சொன்னபடியே அடுத்த நாள் கதிரை, குடை, லப்டொப், மீன்முள்ளு எல்லாவற்றையும் குசினி யன்னலுக்கு வெளியே கொண்டுவந்து வைத்தார். பீற்றருக்கும் லப்டொப்புக்கும் இடையில் இரண்டு முழம். தொலைபேசி இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்த மனிதர், இரைச்சலிலிருந்து தள்ளிப் போகாமல் இரைச்சலின் வாய்க்குள்ளேயே வந்து இருக்கிறார். மவுறீன் அன்று பீற்றரைப் போடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டார்.

வெள்ளிக்கிழமை பியோனா கூப்பிட்டாள்.

“மம்மி, விசா அலுவலுக்கு நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள ஓமா இல்லையா எண்டு சொல்ல வேணும். விட்டா இனி அடுத்த வருசம்தான். நானும் அந்தச் செய்மதிய ஃபோனில தேடிப் பாத்தன். நாளைக்குப் பத்துப் பதினேழுக்கு உங்கட வீட்டுக்கு நேர மேலால போகுது. இப்பிடி உச்சிக்கு வாறது எப்பயாவதுதான். டடாக்கு அது நல்லாக் கேக்கும்.”

“ஓம் மகள்.”

“கேக் ஓடர் கூடிட்டு எண்டு டடா சொன்னவர். நல்ல சந்தோசம். ஆனா மம்மி, நாளைக்கு ஒரு இருவது நிமிசம் மட்டும் அந்த மெசினப் போடாம இருப்பீங்களா? அவர் நாலு மாசமா நிக்கிறார். குடையும் பிடிச்சிக்கிட்டு.”

மவுறீன் ஃபோனை வைத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த நேரங்களைத் திரும்ப வாசித்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வேர்னன் குசினிக்குள் எட்டிப் பார்த்தார்.

“இண்டைக்கு ஓடர் ஒண்டும் இல்லையா மேன்?”

“இல்ல.”

பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்க வந்தார். “நாளைக்குக் குடுக்கிற ஓடரும் இல்லையா?”

“ஒண்டும் இல்ல மேன்.”

பத்துப் பத்துக்கு யன்னலில் முகம் தெரிந்தது. “முட்ட கிட்ட முடிஞ்சிட்டா? வேணுமெண்டா நான் போய் வாங்கிக்கொண்டு வாறன்.”

“முட்ட இரிக்கு. நீங்க போய் உங்கட அலுவலப் பாருங்க.”

தான் கொடுத்த தொல்லைக்கு இந்த மனுசன் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார். மூன்று தரம் கேட்டு நிச்சயப்படுத்த வேண்டியிருக்கிறது.

முட்டை மேசையில் இருந்தது. பீற்றர் மேசையில் இருந்தது. பத்துப் பதினேழுக்குப் பொத்தானை அழுத்தினால் போதும். அடுத்த வருடம்வரை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். குசினி தப்பும், வேலி தப்பும், சிவப்பு நூல்களை அறுத்துப் போடலாம்.

யன்னலால் பார்த்தார். வேர்னன் மீன்முள்ளைத் தூக்கிப் பிடித்திருந்தார். இப்போதெல்லாம் அதை அதிக நேரம் பிடித்தால் அவருக்குக் கை நடுங்கும். அதனால் இடது கையால் வலது கையைத் தாங்கியிருந்தார். முப்பத்தேழு வருடத்தில் இந்த மனிதர் தனக்கென்று கேட்டது என்ன? ஒரு மோட்டார் சைக்கிள். அதையும் டொக்டர் பறித்துவிட்டார். இரண்டாவதாகக் கேட்டது, நாலு குத்து, ரெண்டு குத்து.

மவுறீன் பீற்றரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பிடுங்கிய வயரை மடியில் வைத்துக்கொண்டு, யன்னலுக்குக் கீழே ஸ்டூலில் இருந்துவிட்டார்.

பத்துப் பதினேழு.

முதலில் காற்று ஊதுவது போன்ற சத்தம் மட்டும். பிறகு அதற்குள்ளிருந்து, மிக மெலிதாக, ஒரு குருவி.

பிப் பிப் பிப் பிப். பிப் பிப்.

மவுறீன் மூச்சைப் பிடித்தார். நாலு குத்து, ரெண்டு குத்து. ஆயிரத்து நானூறு கிலோமீற்றருக்கு மேலே, பட்டரி செத்த ஒரு பெட்டி, வெயில் பட்ட சந்தோசத்தில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு போகிறது. சத்தம் வரவரத் தெளிந்தது. தலைக்கு நேரே மேலே வந்தபோது, மேசையிலிருக்கும் முட்டைக்குக்கூடக் கேட்டிருக்கும். பிறகு வடக்கே போகப் போக அதன் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, தெருமுனை திரும்பும் ஒருவர் கையசைத்துக்கொண்டே போவது போல. மவுறீன் அழுதார். வீடு போகிறதே என்றா, இவ்வளவு அழகான ஒன்றை அந்த மனுசனுக்கு நாலு மாதம் தடுத்தோமே என்றா என்பது அவருக்கே தெரியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். வேர்னன் அன்ரனாவைச் சுவரில் சாத்திவிட்டு, சிரிப்பில்லாத முகத்தோடு கதிரையை மடக்கிக்கொண்டிருந்தார்.

“கேட்டீங்களா மேன்?”

வேர்னன் கொப்பியை மூடினார்.

“இல்ல மேன். ஒண்டும் கேக்கல்ல.”

“ஒண்டுமே?”

“காத்துதான். பியோனாக்குச் சொல்லுவம், இந்த வருசம் சரிவரல்ல எண்டு.” மவுறீனின் முகத்தைப் பார்க்காமல் குடையை மடித்தார். “நீ மனத்தில வெச்சிராத. ஜேமிய ஃபோனில பாக்கலாம்தானே. நான் ரீ போடுறன்.”

மவுறீன் யன்னலையும் லப்டொப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்படியில் இருந்த தனக்குக் கேட்டது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால்?

காது. ஐயோ, மனுசனின் காது போய்விட்டது.

கேட்டிருக்க வேண்டிய நாட்களிலெல்லாம் முட்டை அடித்து, கடைசியில் கேட்க விட்ட நாளில் கேட்கிற காது இல்லை. எல்லாம் இந்தக் கையால் செய்தது. வீடு தப்பிவிட்டது என்ற நினைப்பு ஒரு ஓரத்தில் எட்டிப் பார்த்தது. மவுறீன் அதை வெட்கத்தோடு துரத்தினார்.

படலைக்கு வெளியே இரண்டு முறை ஹோர்ன் அடித்தது. கச்சி முகம்மது மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பின்னால் கட்டிய பெட்டியைத் திறந்தார். அவருடைய வாப்பா காலத்திலிருந்தே இந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் அவருக்கு நோனாதான், ஆண்கள் தொரைதான்.

“திரளி இரிக்கு நோனா. இறாலும் இரிக்கு. அடுத்த வீட்டுப் புள்ள சொல்லுது, நீங்க பிளேன் ஏறப் போறீங்களாம். மெய்யா?”

மவுறீனுக்கு மீன் தெரியவில்லை. எல்லாம் கலங்கித் தெரிந்தது.

“பிளேனும் வேணாம் ஒண்டும் வேணாம். தொரைக்குக் காது போயிற்று, கச்சி முகம்மது.”

“என்னது?”

“இப்ப ஒரு சத்தம் கேட்டிச்சி. குசினிக்குள்ள இருந்த எனக்கே கேட்டிச்சி. கிட்ட நிண்ட அவருக்குக் கேக்கல்லயாம். நாலு மாசமா அதக் கேக்கத்தான் வெயிலில நிண்டவர். ஒருக்காக் கேட்டாப் போதும் எண்டவர்.” முந்தானையில்லாத கவுனில் கண்ணைத் துடைக்க எதுவும் அகப்படாமல், புறங்கையால் துடைத்தார். “நல்ல காது டொக்டர் ஆராவது தெரியுமா?”

கச்சி முகம்மது தராசைக் கீழே வைத்தார். வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். உள்ளே கோப்பையில் கரண்டி கிலுங்கும் சத்தம். தாடியைத் தடவினார். மீன் பெட்டியை மூடினார். திரும்பவும் திறந்தார்.

“தொரைட காது நல்ல காதுதான் நோனா.”

“இல்ல, உங்களுக்குத் தெரியாது. எனக்கே கேட்ட சத்தம்...”

“கேக்குத் திண்ட வாயால சொல்லப்படாதுதான். எண்டாலும் நீங்க அழுறதப் பாத்துக்கு நிக்கேலா.” கச்சி முகம்மது குரலைத் தாழ்த்தினார். “அந்த நாலு குத்து, ரெண்டு குத்த தொரை நோன்பு மாசமே கேட்டு, எனக்கும் கேக்க வெச்சவரு; மகள் ஈஸ்டருக்கு ஃபோன் எடுத்த பொறகுதான், நோனாக்கு வாயத் தொறந்திராத எண்டு, கிழமைக்குப் பாதிக் கேக்க என்ட மீன் பெட்டிக்குள்ள வெக்கிறாரு.”